மாதச் சந்தா கட்டாமல் இயற்கைக் காட்சிப் படங்களைச் செப்பனிட முடியுமா? இலவச மென்பொருளைத் தேர்வு செய்வதும் பழகுவதும்

கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவு. காலை ஏழரை மணி. பனி மெல்ல விலக, எதிர்மலையில் வெயில் விழுகிறது. நேரில் பார்த்தவருக்கு அது மறக்க முடியாத காட்சி. வீட்டுக்கு வந்து அதே படத்தைக் கணினியில் திறந்தால் வானம் வெள்ளைத் தாளாகக் கிடக்கிறது. தேயிலைச் செடிகள் கறுத்துப் போயிருக்கின்றன. எதிர்மலை சாம்பல் பூசியதுபோல் மங்கித் தெரிகிறது.

இது கேமராவின் கோளாறு அல்ல. பளிச்சென்ற வானத்தையும் நிழலில் இருக்கும் செடியையும் கண் ஒரே நேரத்தில் சமாளித்துவிடும். கேமராவால் அந்த அளவுக்கு முடியாது. நம் நாட்டின் ஈரக் காற்றும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வந்து சேரும் புகைமூட்டமும் தூரத்துக் காட்சியை இன்னும் வெளிறச் செய்துவிடும். அதனால்தான் இயற்கைக் காட்சி எடுப்பவர்களுக்குப் படத்தைச் செப்பனிடும் மென்பொருள் தேவைப்படுகிறது.

பல ஆண்டுகளாக அந்த வேலைக்கு அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் என்றால் போதும், மறுபேச்சு இருக்காது. 2007இல் வெளிவந்த அந்த மென்பொருளை முன்பு ஒரே முறை பணம் கட்டி வாங்கிவிடலாம். அப்படி வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு 2015இல் வந்த லைட்ரூம் 6. அதன்பின் எல்லாம் சந்தாதான். 2025 ஜனவரியில், குறைந்த விலையில் கிடைத்துவந்த 20 ஜிபி புகைப்படத் திட்டமும் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு 1 டிபி திட்டம் மாதம் 19.99 டாலர் என்றானது.

கல்யாணம், காதணி விழா என்று வாரக் கடைசியில் படம் எடுத்துச் சம்பாதிப்பவருக்கு இது தொழில் செலவு, கணக்கில் எழுதிக்கொள்வார். ஆனால் தைப்பூசத்துக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறைக்கு ஒரு முறை, பாட்டி வீடு இருக்கும் தோட்டத்துக்குப் போகும்போது ஒரு முறை என்று கேமராவை எடுப்பவருக்கு மாதா மாதம் கட்டும் பணம் உறுத்தும். சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கவும் செய்யலாம். ஆனால் திருத்தும் பகுதியான டெவலப் பூட்டிக்கொள்ளும். ஐந்து வருடம் உழைத்துச் செய்த திருத்தங்களை அதன்பின் அந்தப் பகுதியில் திறந்து மாற்ற முடியாது.

தோட்டப் படங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்த தோட்டங்கள் எத்தனையோ. லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, கோயிலும் இடம் மாறிய பிறகு, அந்த நிலம் எப்படி இருந்தது என்பதற்குச் சில குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பது படங்கள் மட்டும்தான். அவற்றைத் திருத்தும் உரிமை யாரோ ஒருவருடைய மாதக் கட்டணத்தோடு கட்டிப் போடப்பட்டிருப்பது நல்லதல்ல.

எது இலவசம், எது உண்மையிலேயே இலவசம்?

மாற்று மென்பொருள்களில் முதலில் சொல்ல வேண்டியவை டார்க்டேபிள், ராதெரபி ஆகிய இரண்டும். டார்க்டேபிள் 2009இல் தொடங்கியது. ராதெரபியை ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் உருவாக்கினார்; 2010இல் அதன் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டது. இரண்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இரண்டும் ஜிபிஎல் என்ற உரிமத்தின்கீழ் வருபவை. அதாவது, இன்று கையில் இருக்கும் பதிப்பை நாளைக்கு யாரும் வந்து பூட்ட முடியாது.

அஃபினிட்டி வேறு வகை. பிரிட்டனின் செரிஃப் நிறுவனம் உருவாக்கியதை 2024இல் கான்வா வாங்கியது. 2025 இறுதியிலிருந்து கான்வா கணக்கு வைத்திருப்பவர்கள் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். போட்டோஷாப் போல அடுக்கடுக்காக வைத்து வேலை செய்யப் பழகியவர்களுக்கு இது கைக்கு அடங்கும். ஆனால் ஒரு நிறுவனம் தரும் இலவசம் அந்த நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. இன்றைக்குத் தருகிறார்கள், பயன்படுத்திக்கொள்ளலாம். வாழ்நாள் சேமிப்பை அதை மட்டும் நம்பி வைப்பது யோசிக்க வேண்டியது.

காசு கொடுக்கத் தயாராக இருந்தும் மாதச் சந்தா மட்டும் பிடிக்காதவர்களுக்கு டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் இருக்கிறது. ஒரே முறை வாங்கலாம்; இருட்டில் எடுத்த படங்களின் புள்ளி இரைச்சலை நீக்குவதில் அது கெட்டிக்காரன்.

கேமராவே இல்லை, கைப்பேசிதான் என்பவர்கள் கூகுளின் ஸ்நாப்சீடில் தொடங்கலாம். அதுவும் இலவசம்தான். கைப்பேசியின் புரோ முறையில் எடுத்த டிஎன்ஜி கோப்புகளையும் அது திறக்கும். அதில் எச்டிஆர் ஸ்கேப் என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தொட்டால் மேகம் ஒவ்வொன்றும் கரும்புகை போலத் திரண்டு, எந்த ஊர்ப் படமும் புயலுக்கு முந்திய நிமிடம் போலாகிவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பத்துமலைப் படங்களில் பாதி இந்தப் பொத்தானுக்குப் பலியானவைதான்.

சரி, டார்க்டேபிளா, ராதெரபியா? வானத்தைத் தனியாக, தரையைத் தனியாகத் திருத்த நினைப்பவருக்கு டார்க்டேபிள் பொருந்தும். படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் ஆழமாக இருக்கிறது. படங்களை வரிசைப்படுத்தி, நட்சத்திரம் கொடுத்து வைக்கும் அறையும் உண்டு. ராதெரபியில் தனிப்பகுதித் திருத்தம் 2022இல் வந்த 5.9 பதிப்பில்தான் சேர்ந்தது. ஆனால் அதன் அமைப்பு லைட்ரூம் பழகியவர்களுக்குச் சீக்கிரம் புரியும். நுணுக்க விவரங்களைத் துல்லியமாக வெளிக்கொண்டு வருவதில் அதற்கு நல்ல பெயர். கணினி பழையதாக இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். 8 ஜிபி நினைவகம் இருந்தால் இரண்டுமே ஓடும். டார்க்டேபிள் வரைகலை அட்டையின் உதவியை எடுத்துக்கொள்ளும் என்பதால், நல்ல அட்டை உள்ள கணினியில் வேகம் கூடும்.

பதிவிறக்குவதற்கு முன்னால் ஒரு வேலை. புதிதாகச் சந்தைக்கு வந்த கேமராவாக இருந்தால், அதன் பெயர் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றாலும் வழி இருக்கிறது. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி மாற்றியில் கோப்புகளை மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் திறந்துவிடும்.

பூட்டு உடைத்த கள்ளப் பதிப்பை யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து தருவது இன்னமும் நடக்கிறது. அதோடு சேர்ந்து கடவுச்சொல் திருடும் நிரலும் வரலாம். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம். காசில்லாமல் நல்ல மென்பொருள் கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

முதல் நாள் ஏமாற்றம்

டார்க்டேபிளை முதன்முறை திறப்பவர்களில் பலர் அன்றைக்கே மூடிவிடுகிறார்கள். காரணம், கேமராவின் திரையில் பளபளப்பாகத் தெரிந்த படம் இங்கே மங்கலாக வந்து நிற்கிறது. மென்பொருள் கெடுத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். கேமரா திரையில் காட்டுவது ஜேபெக் படம். அதில் வண்ணம், கூர்மை எல்லாவற்றையும் கேமராவே கூட்டிக் கொடுத்துவிடுகிறது. ரா கோப்பு என்பது சமைக்காத அரிசி. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். வெளிறிய வானத்திலிருந்து மேகத்தை மீட்பதும், கறுத்த செடியில் இலையைக் காட்டுவதும் இந்தக் கூடுதல் படிகளால்தான் முடிகிறது. ஆகவே, கேமராவில் ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியும்படி வைத்துக்கொள்வது நல்லது. ஜேபெக் உடனே அனுப்ப. ரா உட்கார்ந்து திருத்த.

இந்த மென்பொருள்கள் மூலப் படத்தைத் தொடுவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். செய்த திருத்தங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பில் குறிப்பாக எழுதப்படும். டார்க்டேபிளில் அது எக்ஸ்எம்பி, ராதெரபியில் பிபி3. எவ்வளவு சொதப்பினாலும் குறிப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

தேயிலைச் சரிவுப் படத்தை எப்படித் திருத்துவது?

டார்க்டேபிளில் கருவிகள் அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் கற்க நினைப்பவர் ஒன்றையும் கற்கமாட்டார். இயற்கைக் காட்சிக்கு ஆறேழு போதும்.

முதலில் எக்ஸ்போஷர். வானத்தை மறந்துவிட்டு, படத்தின் முக்கியப் பகுதி, இங்கே தேயிலைச் சரிவு, கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். வானம் இன்னும் வெளிறும். பதற வேண்டாம். அடுத்து வரும் சிக்மாய்ட் என்ற கருவி, அதிக வெளிச்சத்தையும் அதிக இருளையும் திரைக்குள் அடங்கும்படி அமுக்கிக் கொடுக்கும். அதன் கான்ட்ராஸ்ட் அளவைச் சற்று நகர்த்திப் பார்த்தாலே படம் உயிர்பெறும். 2022க்கு முந்திய பாடங்களில் இதன் இடத்தில் ஃபில்மிக் என்ற கருவி இருக்கும். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய காணொளியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மூன்றாவது வெண்சமநிலை. காலைப் பனியில் கொஞ்சம் நீலம் இருக்கத்தான் செய்யும். அதை முழுக்கத் துடைத்துவிட்டால் ஏழரை மணிப் படம் நண்பகல் படமாகிவிடும்.

நான்காவது, பலரும் ஆசையோடு தேடும் புகைநீக்கி. இது மந்திரம் இல்லை, கணக்கு. கைமிங் ஹே உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பின் அடிப்படையில் இயங்குகிறது. தெளிவான வெளிப்புறப் படத்தில் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று அநேகமாகக் கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் என்று அவர்கள் கவனித்தார்கள். இலையில் நீலம் குறைவு, மண்ணிலும் அப்படியே, நிழலில் மூன்றுமே குறைவு. பனியோ புகையோ நடுவில் வந்தால் எல்லாவற்றின் மேலும் வெள்ளை ஒளி படர்ந்து, அந்தக் குறைந்த அளவு உயர்ந்துவிடும். எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து, அவ்வளவு புகை இருக்கிறது என்று கணித்துக் கழிக்கிறது கருவி.

இந்தக் கணக்கு தெரிந்தால் கருவி எங்கே ஏமாறும் என்பதும் தெரியும். வெள்ளைச் சுவர், வெண்மேகம், சுண்ணாம்பு அடித்த கோயில் மதில் ஆகியவற்றில் மூன்று நிறமும் அதிகம். அவற்றையும் புகை என்றே நினைத்துக் கறுக்க வைத்துவிடும். அதனால் மிகக் குறைந்த அளவில் வைத்து, தூரத்து மலைக்கு மட்டும் பொருத்துவது நல்லது. தவிர, கேமரன் மலைக்கு அழகே பனிதான். அதை மொத்தமாக நீக்கினால் மிஞ்சுவது வெறும் மேடு.

ஐந்தாவது டோன் ஈக்வலைசர். வீட்டு ஒலிப்பெட்டியில் தாழ்சுருதியையும் உச்சசுருதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பதுபோல், இருண்ட பகுதி, நடுத்தரப் பகுதி, வெளிச்சப் பகுதி ஒவ்வொன்றையும் இதில் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். வானத்தை இறக்கி, செடிகளுக்கு அடியில் இருக்கும் நிழலை ஏற்றும் வேலை இங்கே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு பச்சை. வெளிநாட்டுப் பாடங்கள் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் ஐரோப்பிய இலையுதிர்காலச் சிவப்பையும் பனிமலை நீலத்தையும்தான். இங்கே எடுத்த படத்தில் எண்பது விழுக்காடு பச்சை. வண்ணத்தை மொத்தமாகக் கூட்டினால் செம்பனைத் தோட்டம் பிளாஸ்டிக் செடிபோல் ஆகிவிடும். மாறாக, கலர் ஈக்வலைசரில் பச்சையை மட்டும் எடுத்து, செறிவைச் சற்றுக் குறைத்து, மஞ்சள் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தினால் தேயிலைக் கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வேறுபாடு தெரிய ஆரம்பிக்கும். செக்கிஞ்சான் வயல்களுக்கும் இதே வழிதான். நம் நாட்டுக் காட்சிகளில் பச்சையைக் கையாளத் தெரிந்தவர் பாதி வேலையைக் கற்றுவிட்டார் என்று சொல்லலாம்.

கடைசியாக முகமூடி. சாய்வுக் கோடு ஒன்றை இழுத்து அதற்கு மேலே உள்ளதை மட்டும் மாற்றலாம். அல்லது வெளிச்சத்தின் அளவை வைத்து வானத்தை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். மலை விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் முகமூடியின் ஓரத்தை மென்மையாக்க வேண்டும். அந்தக் கோடுதான் அவசரத் திருத்தத்தைக் காட்டிக் கொடுப்பது.

பரந்த காட்சியை ஐந்தாறு படமாக எடுத்து ஒட்ட நினைப்பவர்களுக்கு ஹுகின் என்ற இலவச மென்பொருள் உண்டு. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது விழ வேண்டும். வெளிச்ச அளவைக் கையால் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். இரண்டையும் கடைப்பிடித்தால் ஒட்டு தெரியாது.

அழிப்பதா, விடுவதா?

மின்கம்பி, குப்பைத் தொட்டி, நடுவில் வந்து நிற்கும் லாரி ஆகியவற்றை நீக்க கிம்ப் உதவும். 1990களின் நடுவில் அமெரிக்க மாணவர்கள் இருவர் தொடங்கிய மென்பொருள் இது. 2025இல் அதன் 3.0 பதிப்பு வந்திருக்கிறது. ரா கோப்பைத் தானாக அது திறக்காது. டார்க்டேபிள் அல்லது ராதெரபியின் வழியாகத்தான் வாங்கிக்கொள்ளும்.

சுவரில் மாட்டும் அழகுப் படத்தில் மின்கம்பியை அழிப்பதில் தவறில்லை. ஆனால் மூடப்போகும் தோட்டத்தின் படத்தில் அழிக்கலாமா? லயத்துக்குப் பின்னால் எழும்பும் கட்டடத்தின் பாரந்தூக்கி, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி, பால் கொட்டகையின் தகரக் கூரை எல்லாம் இன்றைக்குக் கண்ணை உறுத்தலாம். இருபது ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளை முதலில் கேட்கப் போவது அவற்றைப் பற்றித்தான். இப்படிப்பட்ட படங்களில் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்வதே முறை. வேறு ஊர் வானத்தை வெட்டி ஒட்டுவது நிச்சயம் வேண்டாம்.

லைட்ரூமிலிருந்து மாறுபவர்கள் கவனிக்க

சந்தா முடிவதற்குள் இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். ஒன்று, படங்களுக்குக் கொடுத்த நட்சத்திரம், குறிச்சொல், விளக்கம் ஆகியவற்றைக் கோப்போடு சேமிக்கும் கட்டளையை இயக்குவது. லைட்ரூம் கிளாசிக்கில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். இவை டார்க்டேபிளுக்கு வந்து சேரும். இரண்டு, திருத்தி முடித்த முக்கியமான படங்களை முழு அளவில் டிஃப் அல்லது உயர்தர ஜேபெக்காக வெளியே எடுத்துவைப்பது. ஏனென்றால் ஒரு மென்பொருளில் செய்த திருத்தம் இன்னொன்றில் அப்படியே வராது. வெட்டு, வெளிச்சம் போன்ற சில மட்டும் ஓரளவு வரலாம். மற்றவை போனது போனதுதான்.

பழகும் விதமும் முக்கியம். மாதத்துக்கு ஒரு மென்பொருளாகத் தாவிக்கொண்டிருந்தால் எதுவும் கைவராது. ஒன்றைத் தேர்ந்து மூன்று மாதம் அதிலேயே இருக்க வேண்டும். சொந்தப் படங்களில் பத்தை எடுத்துக்கொண்டு, வாரம் ஒன்றைத் திருத்தி, அடுத்த வாரம் அதையே பழைய திருத்தத்தைப் பார்க்காமல் மறுபடியும் திருத்திப் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், முதல் முறை எங்கே அளவு மீறியது என்று தானே தெரியும். டார்க்டேபிளுக்கு ஆஸ்திரேலியரான புரூஸ் வில்லியம்ஸின் காணொளித் தொடர் பொறுமையாக, எளிய ஆங்கிலத்தில் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு மேல், கண் களைத்த பிறகு வண்ணத்தைத் தொடக்கூடாது. காலையில் பார்த்தால் எல்லாம் தீப்பிடித்ததுபோல் இருக்கும்.

முடிந்த படத்தை முகநூலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்புவதென்றால் நீளப் பக்கம் 2,048 புள்ளிகள், எஸ்ஆர்ஜிபி வண்ணம் என்று வைத்து எடுத்தால் போதும். சட்டம் போட்டு மாட்டுவதற்கு ஏ3 அளவில் அச்சிட வேண்டுமானால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் சுமார் 4,960க்கு 3,508 புள்ளிகள் தேவை. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் வழக்கமாக 6,000க்கு 4,000 இருக்கும் என்பதால் கொஞ்சம் வெட்டினாலும் தாங்கும். அச்சுக்கடையில் முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாகக் கேட்கலாம்; திரையில் தெரிவதைவிட அச்சில் படம் சற்று இருண்டே வரும்.

மூலக் கோப்புகளும் பக்கத்தில் இருக்கும் குறிப்புக் கோப்புகளும் சேர்ந்தே நகலெடுக்கப்பட வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைக் காப்பாற்றினால் திருத்தம் போய்விடும். நகல் இரண்டு இருக்கட்டும், ஆனால் ஒரே அலமாரியில் வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது கீழ்த்தளத்தில் இருந்ததெல்லாம் நீரில் மூழ்கியதைப் பலர் கண்ணால் பார்த்தவர்கள். ஒரு வன்தட்டு வீட்டில், மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ. தீபாவளிக்குப் போகும்போது அங்கே உள்ளதை எடுத்துக்கொண்டு, புதிய நகலை வைத்துவிட்டு வரலாம்.